640 மணி நேரத்துக்குப் பிறகு

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் என்றால் செல்வம். மழை பொய்த்த ஆண்டிலும் மாட்டின் வாய்க்கு எட்டும்படி தூர் கட்டி நிற்கிற புல் அது. அதே புல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், சகுவாரோ தேசியப் பூங்காவில் பகையாளி. 1930, 40களில் தீவனத்துக்காகவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் அமெரிக்க மண் பாதுகாப்புத் துறை அதைக் கொண்டுவந்து விதைத்துப் பார்த்தது. அந்தப் பாலைவனத்தின் சொந்தச் செடிகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு வளர்பவை. தீப்பிடித்தாலும் தீ ஓட வழி இருக்காது. புல் அந்த இடைவெளிகளை நிரப்பிவிட்டது. நூறாண்டுக்கு மேல் வாழக்கூடிய சகுவாரோ கள்ளிக்குத் தீயைத் தாங்கிப் பழக்கமில்லை. அதனால் ஆண்டுதோறும் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, கடப்பாறையோடு அந்தச் சரிவுகளில் ஏறிப் புல்லைத் தூரோடு பெயர்க்கிறார்கள்.

இவர்களில் பலர் பூங்கா ஊழியர்கள் அல்லர். கன்சர்வேஷன் கோர் எனப்படும் இயற்கைப் பாதுகாப்புப் படைகளில் சில மாதங்களுக்கோ ஓராண்டுக்கோ சேர்ந்தவர்கள். ஏழெட்டுப் பேர், ஒரு குழுத் தலைவர், ஒரு வண்டி, சில கூடாரங்கள். எட்டு நாள் காட்டில், ஆறு நாள் ஓய்வு என்பது பரவலான முறை. கையில் கிடைப்பதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது, வாழ்க்கைப்படி என்றே பெயர். இதைத் தாங்கிக்கொள்வதற்கு அவர்களிடம் உள்ள காரணங்களில் ஒன்று எதிர்பார்ப்பு: இன்று புல் பிடுங்குகிறேன், நாளை பூங்காவின் இயற்கைவளப் பிரிவில் எனக்கொரு மேசை கிடைக்கும். கடப்பாறை பிடித்தவர், கடப்பாறை எங்கே இறங்க வேண்டும் என்று முடிவு செய்பவராக ஆகிறாரா? ஆகலாம், அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனால் அந்த வழி படையின் கூடாரத்திலிருந்து நேராகப் போகவில்லை.

படை என்பது அலங்காரச் சொல் அல்ல. 1933 மார்ச்சில் அதிபராகப் பதவியேற்ற ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அந்த மாத இறுதியிலேயே சட்டம் இயற்றி, வேலையற்ற இளைஞர்களைக் காடுகளுக்கு அனுப்பினார். ஏப்ரல் 17 அன்று வர்ஜீனியாவில் முதல் முகாம் எழுந்தது. முகாம்களை நடத்தியது ராணுவம். மாதம் 30 டாலர். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். 1942 வரையிலான ஒன்பது ஆண்டுகளில் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் இந்த சிவிலியன் கன்சர்வேஷன் கோரில் பணிபுரிந்தார்கள். நட்ட மரங்கள் முந்நூறு கோடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் ஒதுக்கிவைத்ததும், பெண்களைச் சேர்க்காததும் இதே படைதான். நட்டதெல்லாம் நன்மையாகவும் முடியவில்லை. தென்கிழக்கு மாநிலங்களில் மண்ணரிப்புக்கு மருந்தென்று அதன் ஆட்கள் நட்ட குட்ஸு கொடி, இன்று காட்டையும் கம்பத்தையும் ஒருசேர மூடுகிற களை. தாத்தா நட்டதைப் பேத்தி வெட்டுகிறாள் என்று சொன்னால் மிகையாகாது.

அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. தேசியப் பூங்காக்களில் உயிரியலாளர் என்ற பதவி வளர்ந்ததே இந்தப் படையின் பணத்தில்தான். ஜார்ஜ் மெலெண்டெஸ் ரைட் என்ற இளம் பூங்கா அதிகாரி, வசதியான குடும்பத்துப் பிள்ளை, சொந்தப் பணத்தைப் போட்டுப் பூங்காக்களின் வனவிலங்கு ஆய்வைத் தொடங்கினார். 1933இல் பூங்காத் துறை வனவிலங்குப் பிரிவை ஏற்படுத்தி அவரைத் தலைவராக்கியது. அதுவரை பூங்கா என்றால் சாலையும் காட்சிமேடையும் விடுதியும்தான். கரடிக்குக் குப்பை போட்டு வேடிக்கை காட்டுவதும் சேவையில் சேர்த்தி. ரைட்டின் பிரிவில் 1930களின் நடுவில் 27 உயிரியலாளர்கள் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஊதியம் வந்தது படையின் நிதியிலிருந்து. 1936 பிப்ரவரியில், முப்பத்தொன்றாம் வயதில், நியூ மெக்சிகோவில் நடந்த கார் விபத்தில் ரைட் இறந்தார். படையின் நிதி சுருங்கச் சுருங்க உயிரியலாளர் எண்ணிக்கையும் சரிந்தது. மிஞ்சியவர்களைப் பத்தாண்டு முடிவதற்குள் வேறு துறையின் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள்.

படையிலிருந்து மேசைக்குப் போகும் இந்தப் பாதையில் போக முயன்று திசைமாறிய ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். நார்மன் போர்லாக் மினசோட்டாவில் காட்டியல் படித்த மாணவர். படிப்புச் செலவுக்காக இடையிடையே வேலைக்குப் போனவர், 1935இல் இந்தப் படையில் ஒரு குழுவுக்குத் தலைவராக இருந்தார். தன் கீழ் வேலை செய்தவர்கள் பசியோடு வந்து சேர்ந்ததையும், உணவு கிடைத்தபின் ஆளே மாறியதையும் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். அமெரிக்க வனத்துறையிலும் வேலை பார்த்தார். 1937இல் பட்டம் வாங்கியதும் அங்கே பணி என்று ஏற்பாடு; நிதிவெட்டில் அது கைநழுவியது. பல்கலைக்கழகத்துக்கே திரும்பிப் பயிர்நோயியல் படித்தார். கும்பகோணத்துக்காரர் எம்.எஸ். சுவாமிநாதன் 1963இல் இந்தியாவுக்கு அழைத்துவந்த கோதுமை விஞ்ஞானி அவர்தான். நிதிவெட்டுகள் எல்லாம் இப்படி நன்மையில் முடியும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பட்டமும் படை அனுபவமும் வனத்துறை அனுபவமும் ஒன்றாகச் சேர்ந்து இருந்தவருக்கே பணியிடம் இல்லாமல் போயிற்று என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இரண்டாம் உலகப்போர் வந்ததும் படை கலைந்தது. 1955இல் வாஸர் கல்லூரி மாணவி எலிசபெத் குஷ்மன், மாணவர்களைக் கொண்டு அப்படியொரு படையைப் பூங்காக்களில் மீண்டும் அமைக்கலாம் என்று தன் இறுதியாண்டு ஆய்வேட்டில் எழுதினார். எழுதியதோடு நிற்காமல் 1957இல் ஒலிம்பிக், கிராண்ட் டீட்டன் பூங்காக்களில் நடத்தியும் காட்டினார். இன்றைய ஸ்டூடண்ட் கன்சர்வேஷன் அசோசியேஷன் அதன் தொடர்ச்சி. 1970இல் பதின்வயதினருக்கான கோடைப் படைக்குச் சட்டம் வந்தது. 1976இல் கலிஃபோர்னியா தன் சொந்தப் படையைத் தொடங்கியது. 'கடும் உழைப்பு, குறைந்த கூலி, பரிதாபமான சூழல், இன்னும் பல' என்ற பொருளில் அது வைத்துக்கொண்ட முழக்கத்தின் நேர்மையை, இன்றைய ஆள்சேர்ப்பு விளம்பரங்களில் காண்பது அரிது. 1993இல் அமெரிகார்ப்ஸ் என்ற தேசிய சேவைத் திட்டமும், மத்திய அரசு நிலங்களுக்கான பப்ளிக் லேண்ட்ஸ் கோர் சட்டமும் வந்தன. இரண்டாவதாகச் சொன்ன சட்டத்தில்தான் நாம் தேடும் வழி இருக்கிறது.

வழி இதுதான். தகுதியான பாதுகாப்புப் பணியில் 640 மணி நேரத்தைத் திருப்தியாக முடித்தவருக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். வயது 16 முதல் 30 வரை. முன்னாள் ராணுவத்தினருக்கு 35 வரை. அதை வைத்துக்கொண்டு, பொதுமக்களுக்குத் திறக்காமல் ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும் வரும் அறிவிப்புகளுக்கும் விண்ணப்பிக்கலாம். வெளிக்கதவில் ஆயிரம் பேரோடு நெருக்கியடிக்காமல் பக்கக் கதவால் நுழைகிற வசதி. முன்பு இந்தச் சலுகை பணி முடிந்து 120 நாளில் காலாவதியானது. பூங்கா வேலை அறிவிப்புகளின் வேகத்துக்கு அது கேலிக்கூத்து. 2019இல் வந்த டிங்கல் சட்டம் அதை இரண்டு ஆண்டாக நீட்டியது. அண்மைக் காலத்தில் படைகளுக்குக் கிடைத்த உருப்படியான ஒரே சீர்திருத்தம் இது என்பது என் கணிப்பு.

ஆனால் கிடைப்பது விண்ணப்பிக்கும் தகுதி, வேலை அல்ல. எல்லா மணி நேரமும் கணக்கில் வருவதுமில்லை. நகராட்சிப் பூங்காவில் செடி நட்ட வாரங்கள் இதில் சேராமல் போகலாம். ஒப்பந்தம் எந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டது என்று படையில் சேரும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். முடிக்கும் நாளில் கேட்பவர்கள்தான் அதிகம். அமெரிக்காவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் படையில் சேரலாம். மத்திய அரசின் நிரந்தரப் பணிக்குப் பொதுவாகக் குடியுரிமை வேண்டும். கோடை முழுவதும் மரம் அறுத்துச் சான்றிதழ் வாங்கிவைத்து, குடியுரிமைத் தேதிக்குக் காத்திருக்கும்போதே இரண்டாண்டு கரைந்துவிடக்கூடும். மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இந்தக் கதவு கிடையாது.

நிஜமான தடை வேறிடத்தில் இருக்கிறது. பூங்காவின் இயற்கைவளப் பிரிவில் இரண்டு வகைப் பதவிகள். ஒன்று டெக்னீஷியன்: 0404 என்ற வரிசை எண் கொண்ட உயிரியல் உதவியாளர். களத்துக்குப் போவார், செடி எண்ணுவார், தவளைக்குரல் பதிவு செய்வார், களைக்கு மருந்தடிப்பார். இதற்குப் பட்டம் கட்டாயமில்லை. அனுபவத்தை வைத்தும் சேரலாம். தேசிய சேவைத் திட்டங்களில் சம்பளமின்றிச் செய்த வேலையையும் அனுபவமாக எடுத்துக்கொள்வார்கள் என்று அறிவிப்புகளிலேயே அச்சாகியிருக்கும். மத்திய அரசு ஊதிய வரிசையில் ஜிஎஸ்-5 நிலை வரை படை அனுபவம் ஒருவரை ஏற்றிவிடும்; 2025இல் அதன் தொடக்க அடிப்படை ஊதியம் ஆண்டுக்குச் சுமார் 34,000 டாலர்.

இன்னொன்று பயாலஜிஸ்ட். திட்டம் எழுதுபவர், முடிவெடுப்பவர் அவர்தான். அங்கே அனுபவம் மட்டும் செல்லாது. இயற்கைவள மேலாளருக்கான 0401 வரிசைக்குத் துறைப் பட்டம் வேண்டும், அல்லது அதற்கு ஈடான பாடங்கள். நடைமுறையில் 24 செமஸ்டர் கிரெடிட் என்று கேட்பார்கள். வனவிலங்கு உயிரியலாளர் என்றால் கணக்கு இன்னும் நுணுக்கம்: வனவிலங்குப் பாடங்களில் 9, விலங்கியலில் 12, தாவரவியலில் 9. சூழலியலாளருக்கு உயிரியலில் 30, அதற்குள் சூழலியல் 9. அதோடு பௌதிக அறிவியல், கணிதப் பாடங்களில் 12. சுற்றுச்சூழல் கல்வி என்ற பெயரில் நல்ல பட்டம் வாங்கியவர், தாவரவியலில் ஒரு பாடம் குறைந்ததற்காகத் தகுதியற்றவர் ஆகிவிடுவார். விண்ணப்பத்தைச் சலிக்கும் அலுவலர் மதிப்பெண் பட்டியலைத்தான் பார்ப்பார். மூன்று பருவம் கொழுக்கட்டைப் புல்லோடு மல்லுக்கட்டிய கைகளை அவருக்குத் தெரியாது. இதைக் குமாஸ்தாத்தனம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு முழுச் சம்மதமில்லை. ஒரு பூச்சிக்கொல்லியை ஓடைக்கரையில் தெளிக்கலாமா என்று முடிவெடுப்பவர் வேதியியல் படித்திருக்க வேண்டும் என்பது நியாயம்தான். நியாயமில்லாதது, இதைப் படையில் யாரும் முதல் வாரத்திலேயே சொல்லாமல் விடுவது.

கையில் இருக்கும் பணமும் இங்கேதான் பயன்பட வேண்டும். அமெரிகார்ப்ஸில் 1,700 மணி நேர முழுப்பணி முடித்தவருக்கு 2024-25 கணக்கில் 7,395 டாலர் கல்வித்தொகை கிடைத்தது. அதற்கு வரியும் உண்டு. பலர் அதைப் பழைய கல்விக்கடனில் கட்டிவிடுகிறார்கள். கடன் குறைவது நல்லதுதான். ஆனால் பயாலஜிஸ்ட் ஆக நினைப்பவர், தன் பட்டியலில் எந்தப் பாடம் குறைகிறது என்று பார்த்து அதற்குச் செலவிடுவது மேல். கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்குச் சமூகக் கல்லூரியில் ஒரு கிரெடிட் 46 டாலர். குளிர்காலத்தில் முகாம்கள் சுருங்கும்போது ஒரு தாவர வகைப்பாட்டியல் பாடம் எடுத்தவர், அடுத்த கோடையில் வேறு ஆளாக வருகிறார்.

படை கற்றுத்தருவதைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. சங்கிலி ரம்பத்தை இயக்கும் சான்று, களைக்கொல்லி தெளிக்கும் உரிமம், ஜிபிஎஸ் கருவியில் களைப்பரப்பை வரைவது, பூவில்லாத செடியை இலையை வைத்தே அடையாளம் காண்பது, நாற்பது டிகிரி வெயிலில் கோபப்படாமல் ஏழு பேரோடு இருப்பது. இவை எந்த வகுப்பிலும் கிடைக்காது. முதுகலைப் பட்டத்தோடு வந்து, வண்டி சேற்றில் சிக்கினால் கைபிசைந்து நிற்பவரைவிடப் படையில் பழகியவரைப் பூங்காக்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஆனால் எதைச் செய்தோம் என்பதைவிட, அதனால் என்ன ஆயிற்று என்று எழுதி வைத்தவரே முன்னே போகிறார். 'புல் அகற்றினோம்' என்பது ஒரு வரி. எத்தனை ஏக்கர், எந்த முறை, மறு ஆண்டு எத்தனை நாற்று திரும்ப முளைத்தது, அதை எப்படி எண்ணினோம் என்பது வேலைக்கான விண்ணப்பம். குழுவின் தரவுத்தாளை நிரப்பும் வேலையை யாரும் விரும்புவதில்லை. மழையில் நனையும், கணக்கு ஒத்துவராது. அதைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறவர் கொஞ்சம் புத்திசாலி.

இதில் ஒரு ஏமாற்றமும் காத்திருக்கிறது. முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பூங்காவின் இயற்கைவள மேலாளர் பெரும்பாலும் கணினி முன்னால்தான் இருக்கிறார். 1970இல் நடைமுறைக்கு வந்த தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டப்படி, கழிப்பறை கட்டுவதானாலும் அதன் பாதிப்பை ஆராய்ந்து பதிவு செய்ய வேண்டும். அருகிவரும் உயிரினச் சட்டத்தின்படி வேறு துறையோடு கலந்தாலோசனை, ஒப்பந்தக் கணக்கு, நிதிக் கோரிக்கை என்று மேசை நிரம்பும். கூடாரத்துக்காகப் படையில் சேர்ந்தவருக்கு இது தண்டனை. அப்படிப்பட்டவர்களுக்குப் பாதைப் பராமரிப்பும் காட்டுத்தீயணைப்பும் பொருத்தமான துறைகள். அங்கே படைக்காரர்கள் எளிதில் ஒட்டிக்கொள்கிறார்கள்.

டெக்னீஷியன் வேலை கிடைத்தவரின் வாழ்க்கையும் உடனே நிலைகொள்வதில்லை. முதலில் கிடைப்பது பருவகால வேலை. ஒரே இடத்தில் ஆண்டுக்கு 1,039 மணி நேரத்துக்கு மேல் போகாமல் கணக்குப் பார்ப்பார்கள். ஏறக்குறைய ஆறு மாதம். கோடையில் மொன்டானா, குளிர்காலத்தில் ஃபுளோரிடா என்று காரிலேயே வீட்டை வைத்துக்கொண்டு பத்து ஆண்டு சுற்றியவர்கள் இருக்கிறார்கள். 2015இல் வந்த ஒரு சட்டம், இப்படி மொத்தம் 24 மாதம் உழைத்தவர்கள் நிரந்தரப் பணிக்கான உள் அறிவிப்புகளுக்கு விண்ணப்பிக்க இடம் தந்தது. அதற்கு முன் ஒருவர் பதினைந்து கோடை வேலை பார்த்தாலும் அரசின் பார்வையில் வெளியாள்தான். படைச் சான்றிதழின் அருமை இங்கேதான் விளங்கும்: அந்த 24 மாதத்தைத் தாண்டவைக்கும் குறுக்குவழி அது.

பழங்குடியினர் நடத்தும் படைகள் இதில் வேறு கணக்கு வைத்திருக்கின்றன. 2008இல் நியூ மெக்சிகோவின் ஆகோமா பியூப்ளோவில் தொடங்கிய ஆன்செஸ்ட்ரல் லேண்ட்ஸ் படை, தம் முன்னோர் கட்டிய சுவர்களைத் தம் இளைஞர்களே மண்ணும் கல்லும் வைத்துப் பழுதுபார்க்கப் பயிற்சி தருகிறது. அவர்களுக்குப் பூங்கா என்பது போய்ச் சேர வேண்டிய புதிய இடமல்ல; பாட்டன் வீடு. மேலாளர் பதவிக்கு யார் வர வேண்டும் என்ற கேள்வியும் அங்கே தானாகவே மாறிவிடுகிறது.

இனி நெருடலான கேள்வி. படைக் குழுக்கள் மலிவாகக் கிடைப்பதாலேயே, அந்த இளைஞர் ஆசைப்படும் வேலை இல்லாமல் போகிறதா? ஊழியரை நீக்கிவிட்டு அவர் இடத்தில் படையை வைக்கக்கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. யாரும் நீக்கப்படுவதில்லைதான். டெக்னீஷியன் ஓய்வுபெறுகிறார், இடம் நிரப்பப்படாமல் கிடக்கிறது, களை மட்டும் வளர்கிறது. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் ஒரு குழு வருகிறது. சட்டம் மீறப்படவில்லை, வேலையும் நடந்துவிட்டது, பதவி மட்டும் காணோம். குழு எட்டு வாரத்தில் போய்விடும். போன ஆண்டு எந்தச் சரிவில் மருந்தடித்தோம், எங்கே விதை முளைக்காமல் போயிற்று என்ற நினைவு யாரிடமும் தங்காது. பூங்காத் துறை 1999இல் இயற்கைவளத்துக்கென்று தனி முயற்சியைத் தொடங்கி, 32 கண்காணிப்பு வலைப்பின்னல்களையும் அயல்தாவர ஒழிப்புக் குழுக்களையும் அமைத்ததன் நோக்கமே இந்த நினைவைக் காப்பதுதான். 2020இல் வந்த கிரேட் அமெரிக்கன் அவுட்டோர்ஸ் சட்டம் பராமரிப்பு நிலுவைக்கு ஆண்டுக்கு 190 கோடி டாலர் வரை ஒதுக்கியது. கூரைக்கும் குழாய்க்கும் சாலைக்கும் அது உதவியது. தவளை எண்ணுபவருக்கு அதில் பங்கில்லை. படைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவற்றை நிரந்தரப் பணியாளருக்கு மாற்றாகக் கருதும் நிதி ஏற்பாட்டைத்தான் குறை சொல்ல வேண்டும்.

2025இல் எல்லா விரிசலும் ஒரே நேரத்தில் வாய்திறந்தன. 2023 செப்டம்பரில் ஆரவாரத்தோடு அறிவிக்கப்பட்ட அமெரிக்கன் கிளைமேட் கோர் என்ற பருவநிலைப் படை ஜனவரியில் முடிந்தது. ஜனவரி 20 அன்று மத்திய அரசுப் பணிகளுக்கு ஆள்சேர்ப்புத் தடை. பிப்ரவரி 14 அன்று பூங்காத் துறையில் தகுதிகாண் பருவத்தில் இருந்த சுமார் ஆயிரம் பேர் நீக்கப்பட்டார்கள். தகுதிகாண் பருவம் என்றால் யார்? பல ஆண்டு படையிலும் பருவகால வேலையிலும் கழித்து, அண்மையில்தான் நிரந்தரப் பதவியில் கால்வைத்தவர்களும் அதில் அடக்கம். நீதிமன்றங்கள் தலையிட்டுப் பலரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது அடுத்த மாதத்துக் கதை. எதிர்ப்பு எழுந்ததும் 7,700 பருவகாலப் பணியாளர்களை எடுத்துக்கொள்ள அனுமதி வந்தது. நிரந்தரக் கதவு மூடியிருக்க, தற்காலிகக் கதவு மட்டும் வழக்கத்தைவிட அகலமாகத் திறந்தது. ஏப்ரலில் அமெரிகார்ப்ஸின் ஏறத்தாழ 40 கோடி டாலர் மானியங்கள் வெட்டப்பட்டன. பல மாநிலங்களில் குழுக்கள் பாதி வேலையில் வீட்டுக்குத் திரும்பின. 640 மணி நேரத்தை எட்டாமல் நின்றவர்களுக்கு அந்த நேரம் வெறும் அனுபவம்தான்.

எட்டியவர்களுக்கோ கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. சட்டத்தில் இரண்டாண்டு என்று இருக்கிறதே தவிர, ஆள்சேர்ப்பு நடக்கிற இரண்டாண்டு என்று இல்லை. அந்த ஆண்டும் அரிசோனாவில் கோடை மழை மாதங்கள் வந்தன. கொழுக்கட்டைப் புல் பச்சை கட்டி நிற்கும் சில வாரங்களில் தெளித்தால்தான் மருந்து வேருக்கு இறங்கும். மற்ற மாதங்களில் கடப்பாறைதான்.